மூன்று மணிக்கு மேல்

அந்தத் தாள் ஒட்டப்பட்ட நாளில் தான் சிரித்த சிரிப்பை நினைத்தால் லியாவ் போரனுக்கு இப்போதும் உடம்பு கூசும்.

காவ்ஷியுங் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அவன் பதினாறு வருஷமாக டாக்டர். வயது நாற்பத்தாறு. கை வேகம், வாய் அதைவிட வேகம். காலை எட்டு மணி டியூட்டிக்கு அவன் வந்து நின்றால் நர்ஸுகளுக்கே ஒரு தெம்பு என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த ஊர்ப் பேச்சில் அன்னாசியின் பெயர் ‘பெருகி வா’ என்பதுபோல் ஒலிக்கும்; அது உள்ளே வந்தால் கூட்டம் பெருகும் என்று அங்கே எல்லோருக்கும் பயம். ஒரு நாள் நோயாளி வீட்டுக்காரர் ஒருத்தர் அன்னாசி கேக் டப்பாவை நீட்ட, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்த்த எலும்பு முறிவுப் பிரிவின் மேசையில் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்தான். அப்படி ஓர் ஆள். அவன் இருக்கிற இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

அந்த வருஷம் கோடை தொடங்கும்போதே மாடி வார்டுகளில் கட்டில் இல்லை. அட்மிட் ஆனவர்கள் இரண்டு நாள், மூன்று நாள் கீழே நடைவழியில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார்கள். நர்ஸுகள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துதான் ஊசி போட வேண்டியிருந்தது. மேலிடத்தில் உட்கார்ந்து பார்த்ததில், அட்மிட் ஆகிறவர்களில் ஐந்தில் ஒருத்தர் பெரிதாக எந்த வைத்தியமும் இல்லாமல் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகிறவர் என்று தெரிந்தது. அவர்களை எதற்கு அட்மிட் போட்டீர்கள் என்று கேள்வி வந்தது.

பிரிவுத் தலைவர் வெங் சாவ்ஜி, எல்லோருக்கும் அவர் ‘சீஃப்’, ஒரு திட்டம் கொண்டுவந்தார்.

“இது தண்டனை இல்ல, பரீட்சையும் இல்ல. நம்ம வேலைய நாமளே ஒருத்தருக்கொருத்தர் பார்த்துச் சொல்லிக்கப் போறோம். அவ்வளவுதான்” என்றார்.

மாதம் ஒரு தாள் ஒட்டப்படும். ஒவ்வொரு டாக்டரும் பார்த்து முடித்த நோயாளிகளில் நூற்றுக்கு எத்தனை பேரை அட்மிட் போட்டார் என்று அதில் இருக்கும். பிறகு புதன்கிழமைதோறும் மதியம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் கேஸ் ஷீட்டை மற்றவர் படிக்க வேண்டும். யாரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம், எப்படி அனுப்பியிருக்கலாம் என்று பேச வேண்டும்.

தாளில் பெயர் போடவில்லை, எழுத்துதான். பதினோரு டாக்டர்கள் இருக்கிற இடத்தில் எழுத்து எதை மறைக்கும்? மதியச் சாப்பாட்டு டப்பா வந்து இறங்குவதற்குள் எல்லா எழுத்துக்கும் ஆள் தெரிந்துவிட்டது. எல்லோரிலும் குறைவு போரன், நூற்றுக்குப் பத்தொன்பது. எல்லோரிலும் அதிகம் ஜான் யாச்சிங், நாற்பத்தொன்று.

யாச்சிங் அவன் படித்த அதே கல்லூரியில் ஐந்து வருஷம் ஜூனியர். பெரும்பாலும் மாலை நான்கு மணி டியூட்டி அவளுக்கு. போரன் முடித்துப் போகும்போது அவனிடமிருந்து நோயாளிகளை வாங்கிக்கொள்கிறவள் அவள்தான். நிதானம். நோயாளி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் பேசினால் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

அன்று சாப்பாட்டு அறையில் போரன் சொன்னான்: “யாச்சிங் கண்ணுல பட்டாப் போதும், கொசு கடிச்சவனுக்குக்கூட கட்டில் கிடைச்சிரும். அவ ஆஸ்பத்திரியா நடத்துறா? லாட்ஜுல்ல நடத்துறா!”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், சோறு புரையேறும் அளவுக்கு. அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு யாச்சிங் வந்தாள். மேசைமேல் இருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். போனாள். அன்றிலிருந்து சின்ன டாக்டர்களுக்கு அவள் ‘லாட்ஜம்மா’.

வீட்டில் மனைவி மான்யாவிடம் பத்தொன்பதைச் சொன்னான். அவள் தன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். “மாப்பிள்ளைதான் ஆஸ்பத்திரியிலேயே முதல்” என்று மாமியார் கோயில்வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவன் தடுக்கவில்லை.

புதன்கிழமை ஜோடி போடும்போது சீஃப் போரனையும் யாச்சிங்கையும் ஒன்றாகப் போட்டார்.

“போரன், அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு.”

“சொல்லிக் குடுத்துட்டாப் போச்சு, சீஃப்.”

முதல் வாரம் அவன் அவளுடைய கேஸ் ஷீட்டுகளில் மூன்றைத் திறந்து, இங்கே இப்படி, அங்கே அப்படி என்று விளக்கினான். அவள் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டாள். 

“ஏதாச்சும் கேக்கணுமா?”

“இல்ல சீனியர்.”

“பயப்படாத. பயந்தா வர்றவங்க எல்லாருமே செத்துப்போற மாதிரிதான் தெரியும்.”

அடுத்த வாரம் அவள் முறை. அவனுடைய கேஸ் ஷீட்டுகளைப் படித்துவிட்டு வந்து அவள் சொல்ல வேண்டும். அவள் ஒன்றும் கொண்டுவரவில்லை. “உங்க பேர்ல முடிஞ்ச கேஸ்ல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, சீனியர்” என்றாள். அதை அவன் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது புதன்கிழமை அவளே பத்து கேஸ் ஷீட்டுகளை எடுத்துக் கணினியில் வரிசையாக வைத்திருந்தாள். வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என்று அவளுக்கே தோன்றுகிற பத்துப் பேர். போரன் முதலாவதைத் திறந்தான். கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது அவன் வழக்கம்.

“இந்தாளப் பாரு. கான் ஜின்ஷுய், எழுபத்தெட்டு வயசு. எழுந்து நின்னா தலை சுத்துது. தலை ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, ஈ.சி.ஜி.ல ஒண்ணுமில்ல. ரெண்டு கிளினிக்ல ரெண்டு பிரஷர் மாத்திரை வாங்கி ரெண்டையும் முழுங்கியிருக்காரு. இதுக்கு என்ன வேணும்? ஒரு மாத்திரைய நிறுத்து, மகளுக்கு ஒரு போன் போடு, ரெண்டு நாள் கழிச்சு வந்து காட்டுங்கன்னு அனுப்பு. நீ ஏழு மணிக்கு அட்மிட் போட்டிருக்க. மனுஷன் எட்டு மணி நேரத்துக்கு மேல ஸ்ட்ரெச்சர்ல கிடந்திருக்காரு, யாச்சிங்! அவ்வளவு நேரத்துல ஒருத்தருக்குக்கூட அவர் பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேசத் தோணலியா?”

யாச்சிங் தலையை நிமிர்த்தினாள்.

“முதல் பக்கத்துக்குப் போங்க, சீனியர்.”

போனான். காலை பத்து நாற்பது. ‘நின்றால் தலைச்சுற்று. மாத்திரை இரட்டிப்பால் இருக்கலாம். தனியாக வசிக்கிறார். வீட்டுக்குப் போக விரும்புகிறார், மொட்டை மாடியில் புறாக்கள்.’ கீழே அவன் பெயர். அடுத்து மதியம் மூன்று பத்து. ‘மறுபடி ரத்தப் பரிசோதனை. முடிவைப் பார்த்துத் தீர்மானிக்கவும்.’ கீழே அவன் பெயர். நான்கு மணிக்கு யாச்சிங்கிடம் ஒப்படைப்பு.

போரன் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டாவதைத் திறந்தான். முதல் பக்கத்தில் அவன் பெயர். மூன்றாவது, அவன் பெயர். நான்காவதில் யாச்சிங் பெயர். ஐந்தாவது மறுபடி அவன். பத்தில் ஏழு. ஒவ்வொன்றிலும் மூன்று மணிக்கு மேல் இன்னொரு பரிசோதனை, இன்னொரு எக்ஸ்ரே, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“இந்தத் தாள் ஆரம்பிச்சதிலேருந்தா?”

“ரெண்டு வருஷமா, சீனியர்.”

“ஏன் சொல்லல?”

“என்னன்னு சொல்றது?” அவள் குரல் உயரவில்லை. “அந்தப் பெரியவர காலைலயே அனுப்பியிருக்கலாம். மருந்தாளர் இருப்பாங்க, வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் ஆபீஸ்ல இருப்பாங்க, மக லீவு சொல்லிட்டுக் கிளம்பி வர்றதுக்கு நேரம் இருக்கும். என் கைக்கு வரும்போது மணி நாலு. உங்ககிட்டேருந்து பதினாலு பேரு, வாசல்ல புதுசா இருபது பேரு. அவர்கிட்ட நான் போய் உட்காரும்போது ஆறாகப் போகுது. மருந்தாளர் போயாச்சு, வீட்டு நர்ஸும் போயாச்சு. மக தாய்ச்சுங்ல இருக்கா, போன எடுக்கல. மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. தலை சுத்துறவர எப்படித் தனியா ஏத்தி அனுப்புறது? நீங்க எழுதிட்டுப் போன அந்த ரெண்டாவது ரத்த டெஸ்ட்டு வேற ஒரு பொட்டு ஏறியிருந்துச்சு. அந்த டெஸ்ட்டே தேவையில்ல. ஆனா வந்த ரிசல்ட்ட பார்க்காத மாதிரி நான் இருக்க முடியுமா?”

அவன் திரையில் மீதி இருந்த மூன்றைப் பார்த்தான்.

“மீதி மூணு பேரு என்னோட கேஸு. அதுல ரெண்டு பேர நான் அனுப்பியிருக்கணும். பயந்துட்டேன். நீங்க சொன்னது அதுக்குச் சரி” என்றாள்.

அவள் கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். அந்த இரண்டை அவள் ஒத்துக்கொண்டதுதான் அவனைக் கூனிக் குறுக வைத்தது.

திட்டம் போட்டு அவன் அதைச் செய்யவில்லை. அது உண்மைதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் சுலபம், மேலே அனுப்பலாம். கையைக் கிழித்துக்கொண்டு வருகிறவனும் சுலபம், தைத்து அனுப்பலாம். பெரிய நோயும் இல்லாமல், தனியாக விடவும் மனம் வராமல் வருகிற வயசானவர்கள்தான் கஷ்டம். அவர்களை அனுப்ப வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம் பேச வேண்டும், நாலு பேருக்குப் போன் போட வேண்டும், நாளைக்கு விழுந்து வைத்தால் பழி தன் தலையில். அட்மிட் போட வேண்டுமென்றால் வார்டு டாக்டரிடம் கெஞ்ச வேண்டும், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. இன்னொரு பரிசோதனை எழுதினால் மணி நாலாகிவிடும். 

முதலில் சோம்பல்தான். ஆனால் தாள் ஒட்டப்பட்ட பிறகு? பத்தொன்பதைப் பதினெட்டாக்கலாமே என்று இரண்டரை மணியிலிருந்தே அவன் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தான். அது அவனுக்குத் தெரியும். தெரியாது என்று யாரிடமும் சொல்ல முடியாத அளவுக்குத் தெரியும்.

“அந்தக் கான் ஐயா இப்ப எப்படி இருக்காரு?” என்று கேட்டான், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

“மாடிக்குப் போன ரெண்டாம் நாள் கழிப்பறைக்கு எழுந்தவரு விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு. ஆபரேஷன் ஆச்சு. நடக்க முடியல. நான்ட்ஸில ஒரு முதியோர் இல்லத்துல இருக்காரு. போன ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்தேன்.”

அவள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் அவனுக்கு விடுமுறை. யான்சாவ் ஊர்க் கொய்யா ஒரு பை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் நான்ட்ஸிக்குப் போனான். இல்லத்தின் கூடத்தில் தொலைக்காட்சி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டு சக்கர நாற்காலிகள் அதைப் பார்த்து நின்றன. கான் ஜின்ஷுய் ஓரத்தில் இருந்தார். பெரிய எலும்பு, பெரிய கை. உடம்பு மட்டும் சட்டைக்குள் சுருங்கிவிட்டிருந்தது. கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார்.

“காலைல பார்த்த டாக்டர்தானே! புறா கதை கேட்டீங்களே!”

“ஆமாங்கய்யா.”

“அந்தப் பொண்ணு டாக்டரும் வந்துச்சு. பாவம், அழுதுருச்சு. எதுக்கும்மா அழற, நான்தானே விழுந்தேன்னு சொன்னேன்.” அவர் சிரித்தார். “கப்பல் உடைக்கிற யார்டுல இருபத்தாறு வருஷம் இருந்தேன். அஞ்சு மாடி உசரத்துல நின்னு இரும்பு அறுத்திருக்கேன். ஒரு நாள்கூட விழல. கக்கூஸுல விழுந்தேன் பாருங்க.”

“புறாவெல்லாம்?”

“இருபத்திரெண்டு. மக யாருக்கோ குடுத்துட்டா. அவளையும் குத்தம் சொல்ல முடியாது, வேலைய விட்டுட்டு அவ எத்தன நாள் ஓடுவா?” கொய்யா ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். “உங்களத்தான் நான் எல்லாருகிட்டயும் சொல்வேன். வந்த உடனே சொன்னீங்க, ‘ஒண்ணுமில்லய்யா, மாத்திரைதான், இன்னிக்கே போயிடலாம்’னு. நல்ல டாக்டரு. அதுக்கப்புறம் என்னமோ ரத்தத்துல வந்துருச்சு, நம்ம நேரம்.”

போரன் வாயைத் திறந்தான். வார்த்தை பல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. “உடம்பப் பார்த்துக்குங்கய்யா” என்றான். அவர் அவன் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

திங்கள்கிழமை சீஃப் அறைக்குப் போனான்.

“சீஃப், அந்தத் தாள்ல இருக்கிறது சரியில்ல. என்னோடது பத்தொன்பது இல்ல.”

வெங் சாவ்ஜி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கடைசியா யாரு முடிச்சாங்களோ அவங்க பேர்ல ஏறுது. எல்லாருக்கும் அதே விதிதானே?”

“நான் முடிக்காம விட்டுட்டுப் போறேன், சீஃப். அதான் விஷயம்.”

அவன் முதல் ஆளாக வந்து சொன்ன செய்தி மாதிரி அவர் முகம் இல்லை.

“டைரக்டர் மேசை வரைக்கும் போயாச்சு, போரன். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அவரும் வர்றாரு. பத்திரமா வீட்டுக்கு அனுப்புறது எப்படின்னு நீதான் பேசப் போற. யாச்சிங்க மலையோரக் கிளைக்கு மாத்தலாமான்னு ஒரு பேச்சு ஓடுது. இப்பப் போய் எதுக்குக் கிளறிக்கிட்டு? அடுத்த மாசத்துலேருந்து ஒழுங்கா இரு. தானா சரியாயிடும்.”

“யாச்சிங்க மாத்துறாங்களா?”

“பேச்சுன்னு தானே சொன்னேன்.”

அந்த நிமிஷத்தில் போரன் மனசில் முதலில் வந்தது கோபமில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு. சொல்லியாகிவிட்டது, கேட்டவர் வேண்டாம் என்கிறார், இனி தன் பொறுப்பில்லை. இரண்டு நாள் அந்த நிம்மதியில் இருந்தான். வெள்ளிக்கிழமைப் பேச்சுக்குப் படங்கள்கூடத் தயார் செய்தான். வயசானவர் ஒருவர் மகளோடு கைகோத்து வீட்டுப் படி ஏறுகிற மாதிரி ஒன்று. பின்னாளில் அவன் தன்னை எதற்கெல்லாமோ மன்னித்துக்கொண்டான். அந்தப் படத்துக்கு மன்னிக்கவே இல்லை.

புதன்கிழமை யாச்சிங் வரவில்லை. விடுப்பு என்றார்கள். எதிர் நாற்காலி காலியாக இருக்க, சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அவன் பழைய கேஸ் ஷீட்டுகளைத் திறந்தான். முடித்தவர் பெயரை விட்டுவிட்டு முதலில் பார்த்தவர் பெயரை வைத்து, தாளில் இருந்த மாதத்தை மறுபடி எண்ணினான். வியாழக்கிழமை டியூட்டி முடிந்தும் உட்கார்ந்து எண்ணினான். அவனுடையது முப்பத்தாறு. யாச்சிங்கினுடையது இருபத்தாறு. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று இன்னொரு தடவை எண்ணினான். அதேதான்.

வெள்ளிக்கிழமைக் காலை வழக்கமான கடையில் பால்கெண்டை மீன் கஞ்சி வாங்கி, ஒரு வாய்க்கு மேல் இறங்காமல் வைத்துவிட்டு வந்தான்.

பதினொரு மணிக்குக் கூட்டம். பதினோரு டாக்டர்களில் டியூட்டியில் இல்லாத ஒன்பது பேர், சுவரோரம் நர்ஸுகள், முன்வரிசையில் டைரக்டர். யாச்சிங் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சீஃப் இரண்டு வார்த்தை புகழ்ந்து அவனைக் கூப்பிட்டார். முதல் படம் திரையில் வந்தது. படியேறும் பெரியவர்.

“இந்தப் படத்த எடுத்துடறேன்” என்றான் போரன். எடுத்தான். திரை வெள்ளையாக நின்றது.

“என்னோட எண் பத்தொன்பது இல்ல. முப்பத்தாறு. அனுப்பவும் தைரியம் இல்லாம, அட்மிட் போடவும் மனசில்லாம, நான் மூணு மணிக்கு மேல ஏதாச்சும் ஒரு டெஸ்ட்டு எழுதி வச்சுட்டு நாலு மணிக்குக் கிளம்பிடுவேன். அவங்கள்லாம் யாச்சிங் பேர்ல ஏறிடுவாங்க. அவளோட எண் இருபத்தாறு. நான் எண்ணிப் பார்த்தேன். அவ லாட்ஜு நடத்துறான்னு சொன்னதும் நான்தான்.” டைரக்டர் பக்கம் திரும்பினான். “வீட்டுக்கு அனுப்புறது எப்படின்னு சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல.”

யாரோ இருமினார்கள். டைரக்டர் சீஃபைப் பார்த்தார். சீஃப் மேசையைப் பார்த்தார்.

சுவரோரமிருந்து தலைமை நர்ஸ் யிங்லான் பேசினாள். அந்தப் பிரிவில் அவனைவிட ஏழு வருஷம் பழையவள்.

“அது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே, டாக்டர்.”

“எது?”

“மூணு மணிக்கு மேல உங்க கையில எந்தக் கேஸும் முடியாது. நாங்க அதுக்கு ‘மூணு மணி வியாதி’ன்னு பேரே வச்சிருக்கோம். ரெண்டே முக்காலுக்கு வயசானவங்க யாராச்சும் வந்தா, கொஞ்சம் பொறுங்கன்னு உட்கார வச்சு, அடுத்த டாக்டருக்குப் போடுவோம். சும்மா எதுக்கு ரெண்டு தடவ ஊசி குத்திக்கிட்டு?”

நர்ஸுகள் பக்கம் மெல்ல ஒரு சிரிப்பு ஓடியது. வன்மமில்லாத சிரிப்பு. ரொம்ப நாளாகப் புழங்கிப் பழகிய சிரிப்பு. ரகசியத்தைப் போட்டு உடைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவன் அங்கே நின்றிருந்தான். அதில் ரகசியம் என்று ஒன்றும் இல்லை. தன் வேகத்தைப் பார்த்து இவர்கள் தெம்பாகிறார்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தானே! தன்னிடமிருந்து கிழவர்களை ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

“யாச்சிங், நீ ஏதாவது சொல்றியா?” என்றார் சீஃப்.

அவள் எழுந்து நின்றாள். “தாள்ல யாரு முதல்ல பார்த்தாங்க, யாரு முடிச்சாங்க, ரெண்டையும் போடுங்க. மதியம் ரெண்டு மணிக்குக் காலை டாக்டரும் மாலை டாக்டரும் சேர்ந்து ஒரு சுத்து வருவோம். யார வீட்டுக்கு அனுப்பலாம்னு அப்பவே பேசிட்டா போன் எடுக்க எல்லா இடத்துலயும் ஆள் இருப்பாங்க. நான் ரெண்டு மணி நேரம் முன்னாடி வர்றேன்.” உட்கார்ந்தாள். ‘லாட்ஜு’ பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கூட்டம் கலைந்ததும் நடைவழியில் ஸ்ட்ரெச்சர்களுக்கு நடுவே அவளை நிறுத்தினான்.

“மன்னிச்சிடு, யாச்சிங்.”

“எதுக்கு? லாட்ஜுன்னு சொன்னதுக்கா, ரெண்டு வருஷத்துக்கா?”

“ரெண்டுக்கும்.”

“லாட்ஜ விடுங்க, நானே வீட்ல சொல்லிச் சிரிச்சேன். என் வீட்டுக்காரர்தான் சிரிக்கல.” நகரப் போனவள் நின்றாள். “கான் ஐயாகிட்ட சொன்னீங்களா?”

“போனேன். சொல்லல.”

“அப்ப மறுபடி போங்க, சீனியர்.”

அவன் உடனே போகவில்லை. மூன்று வாரம் தள்ளிப்போட்டான். அதற்குள் பிரிவில் சிலது மாறியது. மதியம் இரண்டு மணிச் சுற்று நடந்தது. முதல் சில நாள் அவனுக்கு அவள் பக்கத்தில் நடக்கவே கூசியது, அவள் ஒவ்வொரு ஸ்ட்ரெச்சர் முன்னாலும் நின்று, “இவர என்ன பண்ணலாம்னு நினைக்கிறீங்க?” என்று எல்லோர் காதிலும் விழக் கேட்பாள், அவன் பதில் சொல்லியாக வேண்டும். போன் போட, பேச, மகனோடு மல்லுக்கட்ட அவன் கற்றுக்கொண்டான். பத்தில் நாலு நாள் அவள் சொன்னது சரியாக இருந்தது, மூன்று நாள் அவன் சொன்னது, மீதி நாள் யாருக்கும் தெரியவில்லை. பயப்படுகிற இடத்தில் அவள் அவனைக் கேட்டாள். அவன் நழுவுகிற இடத்தில் அவள் விடவில்லை. அடுத்த தாளில் அவன் எண் முப்பத்தொன்று, பழைய பத்தொன்பதைப் பார்த்தவர்களுக்கு மோசமாகத் தெரிந்தது. மாமியார் போனில் எதுவும் கேட்கவில்லை. யாச்சிங்கை மலையோரத்துக்கு மாற்றுகிற பேச்சு நின்றது. சீஃப் அவனிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசுவதை நிறுத்திக்கொண்டார். நடைவழியில் ஸ்ட்ரெச்சர்கள் குறைந்தன, ஒழியவில்லை.

மூன்றாவது வார ஞாயிற்றுக்கிழமை நான்ட்ஸிக்குப் போனான். இந்தத் தடவை கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. கான் ஜின்ஷுயை ஜன்னல் பக்கம் நகர்த்தி, அவர் முன்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தான். நின்றுகொண்டு சொல்ல முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் சொன்னான். காலையிலேயே காரணம் தெரிந்தது, மூன்று மணிக்கு எழுதிய பரிசோதனை, அது எதற்காக எழுதியது என்பது, நான்கு மணிக்குத் தான் கிளம்பிப் போனது. சுற்றி வளைக்காமல் சொல்ல முயன்றான். நடுவில் இரண்டு இடத்தில் சுற்றி வளைத்தான், பிறகு திரும்பி வந்து நேராகச் சொன்னான்.

பெரியவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்:

“அப்ப அன்னிக்கு மத்தியானமே நான் வீட்டுக்குப் போயிருக்கலாமா?”

“போயிருக்கலாங்கய்யா.”

அவர் தன் முழங்கால்மேல் கிடந்த கைகளைப் பார்த்தார். “நேரம் சரியில்லன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார். “அது நல்லா இருந்துச்சு. யார் மேலயும் கோவம் இல்லாம இருந்துச்சு.”

போரன் தலை குனிந்திருந்தான்.

“நீங்க இத வந்து சொல்லாமலே இருந்திருக்கலாம், டாக்டர்.”

“இருந்திருக்கலாம்.”

“எதுக்குச் சொன்னீங்க?”

வருகிற வழியெல்லாம் அவன் எத்தனையோ கேள்விக்குப் பதில் தயார் செய்திருந்தான். இந்தக் கேள்வி அதில் இல்லை. அவர் காத்திருந்தார். பிறகு சக்கரத்தைத் தன் பெரிய கைகளால் தானே தள்ளி, நாற்காலியைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிக்கொண்டார். போரன் அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தான், இல்லத்துப் பெண் வந்து, சாப்பாட்டு நேரம், பார்க்க வந்தவர்கள் கிளம்பலாம் என்று சொல்லும்வரை.